பாகுபலி இரண்டாம் பாகம்: எங்கள் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் படகுகள் கரையேறிக் கிடக்கும். பகலில் பெயின்ட் அடிப்பதும் கிழிந்த வலையைச் சரிசெய்வதுமாக இருப்பார்கள். சாயங்காலமானால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் இது நடக்காத காரியம். அதனால் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த இரண்டு மாதமும் படம் ஓடும். சித்தி, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அங்கே அதிகம் ஓடிய படமும், ஓடி முடிந்த பிறகு அதிகம் வாக்குவாதம் நடந்த படமும் பாகுபலியின் இரண்டாம் பாகம்தான். என் நெஞ்சுக்கு நெருக்கமான படம். மனக்குறை தீராத படமும் அதுதான். கேட்டதையே திரும்பக் கேட்கிறார்கள் என்பதால் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கதை முழுவதும் இதில் தெரிந்துவிடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மகிழ்மதி என்று ஒரு கற்பனை நாடு. ராஜமாதா சிவகாமி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். பெற்ற மகன் பல்வாள்தேவன். பெற்றோரை இழந்து அவள் கைக்கு வந்தவன் அமரேந்திர பாகுபலி. அரியணை வளர்ப்பு மகனுக்கு என்று முதல் பாகத்தில் அறிவிக்கிறாள். அதே பாகத்தின் முடிவில், அவனைக் கொன்றது நான்தான் என்று அரச குடும்பத்தின் அடிமையான கட்டப்பா சொல்கிறார். ஏன் கொன்றார், அமரேந்திரனின் மகன் மகேந்திரன் எப்படிப் பழிதீர்க்கிறான் என்பது இரண்டாம் பாகம். இயக்கம் எஸ்.எஸ்.ராஜமௌலி, கதை அவருடைய தந்தை விஜயேந்திர பிரசாத், தமிழ் வசனம் மதன் கார்க்கி.

முதல் பாகம் பார்க்காமல் நேராக இரண்டாவதைப் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். இரண்டாம் பாகத்தின் முக்கால்வாசி, கட்டப்பா மகேந்திரனுக்குச் சொல்லும் பழைய கதை. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பது தெரியாமல் பார்த்தால் அந்தக் குற்ற உணர்ச்சி உங்களுக்கு எட்டாது.

2025 அக்டோபர் 31 அன்று இரண்டு பாகங்களையும் வெட்டிச் சேர்த்து ஒரே படமாக வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரம். ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். முதல் பாகம் முடிந்து கொஞ்ச நாளாவது அந்தக் கேள்வியோடு தூங்கி எழ வேண்டும்.

நீங்கள் முதலில் எப்போது பார்த்தீர்கள்? அப்போது பிடித்ததா?

முதல் பாகம் 2015 ஜூலை 10, இரண்டாவது 2017 ஏப்ரல் 28. நடுவே ஒன்றே முக்கால் வருடத்துக்கும் மேல். அந்த நாளெல்லாம் ஏலக்கூடத்தில், பேருந்தில், கல்யாண வீட்டில் எங்கு போனாலும் கட்டப்பா பேச்சுதான். வெளியான அன்று தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் தெருவே ராமநாதபுரத்துக்குக் கிளம்பியது. தமிழ்நாட்டில் அன்று காலைக் காட்சிகள் நடக்கவில்லை. சித்திரை வெயிலில் தியேட்டர் வாசலில் நின்று, பிள்ளைகளுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்துச் சமாளித்து, ஒருவழியாக உள்ளே போனோம்.

இடைவேளை வரை நான் இருக்கையில் சாய்ந்து உட்காரவில்லை. அப்படிப் பிடித்தது. அரியணை பல்வாள்தேவனுக்குப் போய், அமரேந்திரன் சேனாதிபதியாகப் பதவியேற்கும்போது மொத்த மகிழ்மதியும் அவன் பெயரைச் சொல்லித் தரையதிரக் கத்தும் காட்சியில் எங்கள் வரிசையில் அழாதவர் இல்லை. பதவி ஒருவனுக்கும் மரியாதை இன்னொருவனுக்கும் போவதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் தங்கை கேட்டாள்: "அந்த அவந்திகா எங்க போனா?" அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அன்றிலிருந்து இந்தப் படத்தை முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

அவந்திகாவுக்கு என்னதான் ஆனது?

முதல் பாகத்தில் தமன்னா ஏற்ற பாத்திரம். குந்தள நாட்டின் மிச்சப் படையில் ஒரு போராளி. அமரேந்திரனின் மனைவியும் மகேந்திரனைப் பெற்றவளுமான குந்தள இளவரசி தேவசேனை சங்கிலியில் கிடக்கிறாள். அவளை மீட்பதே அவந்திகாவின் வாழ்க்கை. அந்தப் பொறுப்பு தன் கைக்கு வந்தபோது அவள் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அருவிக் காட்டில் நாயகன் மகேந்திரன் அவளோடு மல்லுக்கட்டி, அவள் போர்க்கோலத்தைக் கலைத்து, பெண்ணாக அலங்கரித்துக் காட்டுகிறான். அவள் மயங்கிவிடுகிறாள். அவளுடைய பணியையும் அவனே எடுத்துக்கொண்டு போகிறான். அந்தக் காட்சி எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. சரி, அடுத்த பாகத்தில் ஈடு செய்வார்கள் என்று நம்பினேன்.

இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அவள் கடைசிப் போரில்தான் தலைகாட்டுகிறாள். பேச்சு என்று சொல்ல ஏதுமில்லை. முடிவில் மகேந்திரன் பக்கத்தில் அரசியாக நிற்கிறாள். யாருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தாளோ அந்தத் தேவசேனையோடு அவளுக்கு மனதில் நிற்கும்படி ஒரு காட்சி இல்லை. அந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும், இந்தப் படத்தின் மேல் எனக்குப் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

பழைய கதைக்குள் படம் போகும்போது அவந்திகா அங்கே இருக்க வழியில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் நிகழ்காலக் கதைக்கு ஒதுக்கிய நேரத்தை முழுக்க வாளுக்கும் தேருக்கும் கொடுத்தது ஒரு முடிவு. அந்த முடிவு தப்பு என்கிறேன்.

அஸ்லம் கான் வருவான் என்றார்களே?

வரவில்லை. முதல் பாகத்தில் சுதீப் ஏற்ற வாள் வணிகன், கட்டப்பாவோடு வாள் சுழற்றி, அவருடைய திறமைக்குத் தலைவணங்கி, எப்போது தேவைப்பட்டாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். யாரும் அவனைக் கூப்பிடவே இல்லை.

அருவிக்குக் கீழே மகேந்திரனை வளர்த்த சங்காவுக்கும் இதே கதிதான். ரோகிணி முதல் பாகத்தில் அந்தத் தாயை எப்படிச் செய்திருந்தார்! இரண்டாவதில் அவருக்கான இடம் சுருங்கிவிட்டது. பெற்ற தாயையும் வளர்த்த தாயையும் ஒரே மகனுக்கு முன்னால் நிறுத்தக் கிடைத்த வாய்ப்பு அது. வளர்ப்புத் தாய் என்பதுதானே சிவகாமியின் கதையும்?

இத்தனை பெரிய நட்சத்திரக் கூட்டத்தில் எல்லோருக்கும் எப்படி இடம் கொடுக்க முடியும்?

நியாயமான கேள்வி. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் போயிருக்கிறீர்களா? சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள் சுவரெங்கும் இருக்கின்றன. கொலு, போர், யானை, குதிரை, பல்லக்கு எல்லாம் உண்டு. நடுவில் சேதுபதி பெரிதாக இருப்பார். சுற்றி நிற்பவர்கள் சிறியவர்கள்தான். ஆனால் விசிறி வீசுகிறவளுக்கும் ஒரு பார்வை இருக்கிறது, அவள் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் சம இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பார்வையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதே படம் குமார வர்மன் விஷயத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறது. சுப்பராஜு ஏற்ற வேடம். தேவசேனையின் உறவுக்காரன், வாய்ச்சவடால் பேசும் பயந்தாங்கொள்ளி. குந்தளத்தைப் பிண்டாரிகள் என்ற கொள்ளைக்கூட்டம் தாக்கும் இரவில் அமரேந்திரன் அவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்துத் தைரியம் சொல்கிறான். நடுங்கும் கையோடு அவன் முதல் அடி எடுத்து வைக்கிறான். பிறகு அந்தத் தைரியத்தையே பல்வாள்தேவன் தூண்டிலாக்கி அவனைக் கொல்கிறான். சிறிய வேடம், ஆனால் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் இருக்கின்றன. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அவந்திகாவை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கட்டப்பா ஏன் கொன்றார் என்பதற்கான விடை சப்பென்று இருந்ததா?

எங்கள் முற்றத்தில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். சிவகாமி ஆணையிட்டாள், அரியணைக்கு அடிமைப்பட்ட பரம்பரை, அதனால் கொன்றார். இதற்கா இத்தனை மாதம் காத்திருந்தோம் என்பார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடை எளிமையானது என்பதால்தான் அது கனக்கிறது. பெரிய மர்மம் ஏதாவது இருந்திருந்தால் கட்டப்பாவை மன்னிப்பது சுலபம். இங்கே ஒரு நல்ல மனிதர், செய்வது பாவம் என்று தெரிந்தே, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்கிறார். நீ செய்யாவிட்டால் நானே செய்வேன் என்று சிவகாமி சொல்லிவிடுகிறாள். தாய் கையால் மகன் சாவதைவிட என் கையில் சாகட்டும் என்று அவர் எடுக்கும் முடிவு இருக்கிறதே, சத்யராஜ் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாலேயே செய்துவிட்டார்.

அப்புறம் அந்த "மாமா". அமரேந்திரன் கட்டப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கம் படகில் மூத்தவரை மாமா என்று கூப்பிட்டுத்தான் தொழில் கற்றுக்கொள்வோம். சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டில், அலையில், அந்த ஆளின் குரலை நம்பித்தான் கயிற்றை விடுவோம். முதுகில் குத்துப்பட்டுச் சரிந்த பிறகும் அமரேந்திரன் அதே மாமாவிடம்தான் தன் தாயைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைக்கிறான். தொழிலுக்குப் போய்ப் பழகிய என் அப்பா இந்த இடம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஒவ்வொரு முறையும்.

முற்பகுதியில் கட்டப்பாவை நகைச்சுவைக்குப் பயன்படுத்தியது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. குந்தளத்தில் ஊர் சுற்றும் மாமனும் மருமகனுமாக அவர்கள் சிரித்திராவிட்டால் அந்தக் குத்து இப்படி வலிக்காது.

சிவகாமி சரியா, தேவசேனை சரியா?

தேவசேனை. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சம்மதம் கேட்காமல் தேவசேனையைத் தன் பெற்ற மகனுக்கு என்று வாக்குக் கொடுத்தது சிவகாமியின் தப்பு. அந்த ஒரு தப்பை ஒத்துக்கொள்ள முடியாத கௌரவத்திலிருந்துதான் அடுத்த எல்லா அழிவும் வருகிறது. சபையில் நின்று தேவசேனை அதை நேருக்கு நேர் கேட்கிறாள். இந்தியப் படங்களில் மாமியார் மருமகள் மோதல் என்றால் அடுப்படியும் அழுகையும்தானே வரும். இங்கே இரண்டு பெண்கள் நீதியைப் பற்றி வாதாடுகிறார்கள். நாடே கேட்டுக்கொண்டு நிற்கிறது. சிவகாமியாக வரும் ரம்யா கிருஷ்ணனை நீலாம்பரியாக 1999-ல் பார்த்து மிரண்ட தலைமுறைக்கு, அதே கண்களில் அதிகாரமும் தாய்மையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைப் பார்ப்பது பெரிய அனுபவம். தேவசேனையாக வரும் அனுஷ்காவும் ஓர் அங்குலம் பின்வாங்கவில்லை. இரண்டு பாகங்களையும் சேர்த்து, நடிப்பில் எனக்கு உச்சம் இந்த மோதல்தான்.

அப்படியானால் தேவசேனையின் பாத்திரத்தில் குறையே இல்லையா?

இளவயதுத் தேவசேனையிடம் இல்லை. ஒரே வில்லில் மூன்று அம்பு தொடுக்கக் கற்றுக்கொள்கிறாள், கோயிலில் பெண்களிடம் கைவைத்தவனின் விரல்களை வெட்டுகிறாள். கணவன் இறந்த பிறகு இருபத்தைந்து ஆண்டு சங்கிலியில் கிடந்து, பல்வாள்தேவனுக்குச் சிதை அடுக்கச் சுள்ளி பொறுக்குகிறாள். அந்த வைராக்கியம் எனக்குப் புரிகிறது. ஆனால் போர் வரும்போது படம் அவளைக் காப்பாற்றப்பட வேண்டியவளாகத்தான் வைத்திருக்கிறது.

நான் வேலு நாச்சியார் பிறந்த மண்ணில் இருந்து பார்க்கிறேன். 1730-ல் ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்து சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். நாச்சியார் மகளோடு விருப்பாச்சிப் பக்கம் போய், எட்டு ஆண்டு படை திரட்டி, ஹைதர் அலியின் உதவியையும் பெற்று, 1780-ல் சீமையை மீட்டார். பள்ளிக்கூட மேடையில் சிறுவயதில் நாச்சியார் வேடம் கட்டாத பெண் எங்கள் பக்கம் குறைவு. கற்பனை நாட்டின் அரசிக்கு, நிஜத்தில் வாழ்ந்த அரசியைவிடக் குறைவான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

பிரபாஸின் இரட்டை வேடம் எப்படி?

அமரேந்திரன் அருமை. அப்பாவியாக நடித்துக் குந்தளத்தில் ஒளிந்திருக்கும்போதும், அரண்மனையை விட்டு வெளியேறி மக்களோடு வாழும்போதும் அந்த உடம்பில் ஒரு நிதானம் இருக்கிறது. மகேந்திரனுக்குக் கோபம் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பாகத்தில் அருவியேறும் அந்தக் குறும்புக்காரப் பையன் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

வில்லன்கள்?

ராணா உடம்பாலும் குரலாலும் மிரட்டுகிறார். ஆனால் முதல் பாகத்தில் பல்வாள்தேவன் தோற்றவன், தனக்குக் கிடைக்காததை நினைத்து வெந்தவன். இரண்டாவதில் வெறும் கெட்டவனாகிவிட்டான். முதல் பாகத்தில் அவனுக்கு ஒரு மகன் இருந்தான்; அந்தப் பிள்ளையின் தாய் யார் என்பதைக்கூடப் படம் சொல்லவில்லை. நாசர் நடித்த பிங்கலத்தேவன் எனக்கு அதிகம் பிடித்த வில்லன். முடங்கிய கையைக் காரணம் காட்டி அரியணை மறுக்கப்பட்டவன். அந்தப் பழைய வலி அவன் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மரத்தை வளைத்து வீரர்கள் கோட்டைக்குள் பறந்து விழுகிறார்களே, அது நடக்குமா?

இந்தக் கேள்வி இங்கே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பனை சார்ந்த மாவட்டம் இது. பனையேறுகிறவர்கள் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பனை வளையாது. காற்றுக்குத் தென்னை வளையும், பலமாக அடித்தால் முறியும். பனை நிமிர்ந்தே நிற்கும். வீட்டுக்கு உத்திரமாகவும் கைமரமாகவும் போடுவது அதனால்தான்.

படத்தில் நெட்டையான மரத்தை வளைத்து, கேடயங்களைச் சேர்த்து உருண்டை போல் ஆக்கிக்கொண்டு வீரர்கள் மதிலைத் தாண்டுகிறார்கள். நடக்காத காரியம்தான். ஆனால் மாயாஜாலக் கதையில் நடக்காததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்தக் காட்சியில் எனக்குள்ள வருத்தம் வேறு. முதல் பாகத்தில் படையெடுத்து வரும் காலகேயர்களோடு நடக்கும் போரில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த வியூகம் எப்போது உடைகிறது என்பது குழந்தைக்கும் புரியும். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு யோசனை இருந்தது. கடைசிப் போரில் யோசனை குறைந்து, பாய்ச்சல் கூடிவிட்டது. பறந்து விழுகிறவர்களில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அன்னப் படகு பறப்பதை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்?

ஏனென்றால் அது எங்கள் கனவு! குந்தளத்திலிருந்து மகிழ்மதிக்குப் போகும் வழியில், பாட்டுக்கு நடுவே, அன்னம் போன்ற கப்பலின் பாய்கள் சிறகாகி மேகத்துக்குள் எழும்புகின்றன. மேகமே குதிரைகளாக ஓடுகிறது. செந்தில்குமாரின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலையும் மரகதமணியின் இசையும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? காற்று பாயை நிரப்பிப் படகு ஒருக்களிக்கும். கவிழாமல் இருக்க, வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி எதிர்ப்பக்கம் கனம் கொடுப்பார்கள். படகு தண்ணீரைத் தொடாமல் போவது போலத்தான் கரையில் நிற்பவருக்குத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கப்பல் இன்னும் ஒரு முழம் மேலே எழும்புவது நம்ப முடியாததல்ல. என் சித்தப்பா அந்தப் பாட்டு முடிந்ததும் கேட்ட ஒரே கேள்வி: "பலகையில ஆள் யாரு?" அந்தக் கப்பலில் துடுப்புப் போடுகிறவர்களும் கயிறு பிடிக்கிறவர்களும் இருக்கிறார்களா என்று அடுத்த முறை உற்றுப் பார்த்தேன். கண் முழுக்க அமரேந்திரன் மேலும் தேவசேனை மேலும்தான் போகிறது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வெட்டு, குத்து, ரத்தம் நிறைய. ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் குமார வர்மன் சாகும் இடத்திலும் அமரேந்திரன் சாகும் இடத்திலும் பக்கத்தில் இருங்கள். சிவகாமி ஆற்றோடு போகும் காட்சியில் பெரியவர்களே கலங்குவார்கள்.

எத்தனை முறை பார்த்தாலும் குறை சொல்கிறீர்களே, பிறகு ஏன் மறுபடியும் போடுகிறீர்கள்?

சபையில் தேவசேனை நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க. கட்டப்பாவின் கண்ணைப் பார்க்க. படம் பிடிக்காமல் இருந்திருந்தால் அவந்திகாவை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அடுத்த பாகம் எடுத்தால் யாரைப் பற்றி எடுக்க வேண்டும்?

போன தடைக்காலத்தில் இதை முற்றத்தில் இருந்த எல்லோரிடமும் கேட்டேன். பையன்கள் கட்டப்பாவின் இளமை என்றார்கள். சித்தி, அரியணைக்கு வருவதற்கு முந்தைய சிவகாமி என்றார். என் தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது. பட்டம் சூட்டி முடிந்த அன்று இரவு அரண்மனையில் அவந்திகா தேவசேனையிடம் போய், "அம்மா, நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தேன்" என்று சொல்வதில் படம் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். நான் அவள் பக்கம்.